எந்திரனும் பறவையரசனும்

தமிழ் இலக்கியத்திற்குத் தொடர்ச்சி என்பது புதிய செய்தியன்று. கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி நீதி கேட்டதையும் நம் மதுரையில் வைத்துச் சிலப்பதிகாரம் சொல்லிய பின், அக்கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளை எடுத்துக்கொண்டு மணிமேகலை தொடங்குகிறது. இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். ஆயினும் சாத்தனார் இன்னொரு சிலம்பை உடைக்கவில்லை. இன்னொரு நகரை எரிக்கவுமில்லை. முன்னது அரசன் அவையில் நீதி கேட்டது. பின்னது பசித்தவர் முன் அமுதசுரபியை ஏந்தி நின்றது. முதல் நூலின் மாந்தரைப் பெற்றுக்கொண்டு, முதல் நூல் கேளாத வினாவைக் கேட்பதே நல்ல தொடர்ச்சிக்கு இலக்கணம் என்று வகுப்பறையில் நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையில் ஒரு திரைப்படத்தை அளந்து பார்க்க விழைகின்றோம்.

தமிழ்த்துறை மலரில் திரைப்படத்திற்கு என்ன வேலை எனப் பெரியோர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் 2018 நவம்பர் 29 அன்று வெளியான '2.0' என்னும் படத்தை நம் மாணவருள் பெரும்பாலோர் பார்த்தனர். ஆசிரியராகிய நாமும் பார்த்தோம். பார்த்த பின் மகிழ்ச்சியும் மனக்குறையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. படம் நம் கண்மாய்ப் பறவைகளைப் பற்றிப் பேசியது. தவறாகப் பேசியதா, சரியாகப் பேசியதா என்பதை ஆராயாமல் விடுவது அப்பறவைகளுக்கு நன்மை செய்வதாகாது என்று தோன்றியதால் இதனை எழுதுகின்றோம்.

முதற்படமாகிய 'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. சங்கர் இயக்கம், இரசினிகாந்த் அறிவியலறிஞர் வசீகரனாகவும் அவர் படைத்த சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும் இரட்டை வேடம். வசனத்தில் பங்கேற்ற சுஜாதா படம் திரைக்கு வருமுன்னரே, 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் அவர். எந்திரத்தின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் எந்திரத்தின் மனத்தைப் பற்றி எழுதினார் என்பது எண்ணத்தக்கது.

பெயரையே பார்ப்போம். எந்திரம் என்பது அஃறிணைச் சொல். அதன் ஈற்றில் ஒரு னகர ஒற்று வந்து நின்றதும் அது உயர்திணை ஆண்பாலாகி விடுகிறது. தொல்காப்பியர் மக்கள் என்று சுட்டப்படுவோரையே உயர்திணையில் அடக்கினார். ஆகவே 'எந்திரன்' என்று சொன்ன மாத்திரத்தில், இவன் மக்களுள் ஒருவனா என்ற வழக்கு எழுந்துவிடுகிறது. தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்க 2006-இல் தமிழக அரசு முடிவு செய்ததும் இத்தகைய பெயர்கள் பெருகக் காரணம் என்பர். அது எவ்வாறாயினும், மூன்று மணி நேரப் படத்தின் சிக்கல் முழுவதும் அந்த ஓர் ஒற்றில் அடங்கியிருந்தது நமக்குக் கிடைத்த பேறு. தொடர்ச்சிக்கோ பெயராக ஓர் எண்ணும் ஒரு புள்ளியும் ஓர் சுழியும் வாய்த்தன. எண்ணுக்கு என்ன திணை கூறுவது?

எந்திரனில் நாம் மறக்க இயலாத காட்சி சண்டைக் காட்சியன்று. தீப்பற்றிய குடியிருப்பொன்றிலிருந்து சிட்டி பலரைக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அவ்வண்ணமே தூக்கி வந்து ஊரார் நடுவில், தொலைக்காட்சிப் படக்கருவிகளின் முன் நிறுத்துகிறான். உயிரைக் காத்தாயிற்று, கணக்கு சரி என்பது அவன் எண்ணம். அப்பெண் நாணம் தாங்காது ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரினும் மேலாக ஒன்றை மனிதர் கருதுவதுண்டு என்பது எந்திரத்திற்கு எழுதித் தந்த எந்தக் கட்டளையிலும் இல்லை. அகப்பாடல்களில் நாணத்தைப் பற்றி நாம் பல மணி நேரம் விளக்குவதை அந்த இரண்டு நிமிடக் காட்சி விளக்கிவிட்டது. அதன் பின்னரே வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சியை ஊட்ட முனைகிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது. காதல் வந்ததும் பொறாமையும் அழிவும் வருகின்றன. முடிவில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறான். பின்னொரு காலத்தில், 2030-இல், அருங்காட்சியகத்தில் நிற்கும் அவனிடம், உன்னை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்ற பொருளில் விடை சொல்கிறான். பின்பாதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருமாறி நடத்திய ஆரவாரத்தை இந்த ஒரு விடைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே தோன்றியது.

எட்டாண்டுகளுக்குப் பின் தொடர்ச்சி வந்தபோது, சிந்திக்கத் தொடங்கியவன் மேலும் என்ன சிந்தித்தான் என்று அறிய நாம் சென்றோம். மதுரையில் ஒரு திரையரங்கு, முப்பரிமாணக் கண்ணாடி, நம்மோடு வந்த மாணவர் பதினைவர். காட்சித் திறத்தில் குறை சொல்ல இயலாது. தொடக்கத்திலேயே மக்கள் கைகளிலிருந்து கைப்பேசிகள் பிடுங்கிக்கொண்டு வானில் பறக்கின்றன. அவை சாலையை ஓர் ஆறுபோல் மூடிச் செல்வதும், மரமாய் நிற்பதும், திரண்டு ஒரு பெரும்பறவையாகிச் சிறகடிப்பதும் தமிழ்த்திரை முன்பு கண்டிராத கற்பனை. படம் எடுத்த பின் முப்பரிமாணமாக மாற்றாமல், தொடக்கத்திலிருந்தே அம்முறையில் படம்பிடித்தமையால் சிறகு நம் மூக்கினருகே வந்து போயிற்று. மாணவர் மட்டுமன்று, நாமும் ஒருமுறை தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்! தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதனைச் செய்துகாட்டியோர் பாராட்டுக்குரியோரே.

ஆனால் சிட்டி சிந்திக்கவில்லை. அரசுக்கு நெருக்கடி; அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துப் பூட்டி முடுக்குகிறார்கள்; அவன் போருக்குச் செல்கிறான். அவனைப் பிரித்துப் போட்டது நீதியா என்ற வழக்கு, விசாரணையின்றியே தள்ளுபடியாகி விட்டது. அவனுக்குத் துணையாக நிலா என்னும் பெண் எந்திரமும் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' புதினத்தின் நாயகி பெயரும் நிலா. பழைய வாசகர் புன்னகைத்திருப்பர். அப்புதினத்திற்கே 'மீண்டும் ஜீனோ' என்ற தொடர்ச்சியை அவர் எழுதியிருக்கிறார் என்பதால் அந்தப் புன்னகையில் சிறு ஏக்கமும் கலந்திருக்கும். அமெரிக்கப் படங்களில், 1984-இல் கொலைக்கருவியாக வந்த 'டெர்மினேட்டர்' 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு சிறுவனைக் காக்கும் காவலனாக மாறி, உயிரின் மதிப்பை எந்திரம் கற்க முடியுமா என்ற புதுவினாவை எழுப்பியது. நம்மவன் பத்தாண்டுக்குள் அந்நிலையைத் தாண்டியே தொடங்கியவன். தொடர்ச்சியில் பின்னுக்கு வந்துவிட்டான்.

அப்படியானால் படத்தில் சிந்திப்பவர் எவரும் இல்லையா எனில், ஒருவர் உண்டு. அவரே எதிர்நாயகர். அக்சய் குமார் ஏற்ற அப்பாத்திரத்தின் பெயர் பட்சிராஜன், தமிழாக்கினால் பறவையரசன். முதிய பறவையியல் பேராசிரியர். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதாகக் கண்டு, நிறுவனத்தாரிடம் சொல்கிறார், அமைச்சரிடம் சொல்கிறார், நீதிமன்றம் செல்கிறார், தெருவில் நின்று மக்களிடம் மன்றாடுகிறார். கேட்பாரில்லை. மனமுடைந்து கோபுரமொன்றில் ஏறித் தூக்கிட்டு இறக்கிறார். அவர் ஆற்றாமை பேருருக்கொண்டு கைப்பேசிகளையெல்லாம் திரட்டி, மொத்த வணிகர், நிறுவன உரிமையாளர், அமைச்சர் என்று ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறது. இதில் இயக்குநரோடு வசனம் எழுதியவர் ஜெயமோகன். கதை பின்னோக்கிச் செல்லும் அந்தப் பகுதியில் மட்டும் திரையரங்கு அமைதியாயிருந்தது. நம் வரிசையில் ஒரு மாணவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்சிராஜனின் தாடியும் தோற்றமும் தொழிலும் சாலிம் அலியை நினைவூட்டுவன எனப் படம் வந்த நாளிலேயே பலர் எழுதினர். நம் மாணவருக்கு அவரைப் பற்றிச் சில செய்திகள் சொல்லவேண்டும். 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்ற ஐயம் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் கொண்டு சேர்த்தது. சுட்டு வீழ்த்திய அக்குருவியே அவர் வாழ்வின் திசையைத் திருப்பிற்று. 1985-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு அவர் இட்ட பெயரும் ஒரு குருவியின் வீழ்ச்சியைச் சொல்வதே. 1941-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றளவும் பறவை பார்ப்போரின் கைந்நூல். பரத்பூர்ச் சதுப்பு நிலத்தைக் காக்கவும் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் அவர் குரல் கொடுத்தார். முன்னது 1982-லும் பின்னது 1984-லும் தேசியப் பூங்காக்கள் ஆயின. 1976-இல் பத்ம விபூசண் பெற்றார். 1987 சூனில் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் 1990-இல் அவர் பெயரால் ஒரு பறவையியல் நிறுவனம் தோன்றியது. உண்மைப் பறவையரசர் தூக்கிட்டுக்கொள்ளவில்லை. தொண்ணூறு வயது வரை எழுதினார், நடந்தார், ஆள்வோருக்கு மடல் வரைந்தார், பலமுறை வென்றும் காட்டினார். இதைப் படம் சொல்லியிருக்கலாகாதா என்பது நம் முதல் மனக்குறை.

இரண்டாவது மனக்குறை பெரிது. இறுதிப் போர் ஒரு விளையாட்டரங்கில் நடக்கிறது. பட்சிராஜனின் ஆவியுரு வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. சிட்டி ஆற்றல் இழந்து தோற்கும் தறுவாயில், 3.0 என்னும் விரலளவு எந்திரர் கூட்டமொன்று புறாக்களின் முதுகில் ஏறி வந்து சேர்கிறது. பணியாவிட்டால் இப்புறாக்களை அழித்துவிடுவோம் என்று அவை மிரட்டுகின்றன. பறவையரசர் பதைக்கிறார், புறாக்களுக்காக வசீகரனின் உடலைவிட்டு வெளியேறுகிறார், அந்த இடைவெளியில் வீழ்த்தப்படுகிறார். அரங்கு முழுவதும் கைதட்டிற்று. சின்னஞ்சிறு இரசினிகள் அழகாகத்தான் இருந்தனர். நம் கைகளும் தட்டின.

திருமங்கலம் திரும்பும் பேருந்தில் ஒரு மாணவர் கேட்டார்: "ஐயா, பறவையைப் பிணையா வச்சு மிரட்டினவங்க நல்லவங்க, பறவைக்காக விட்டுக்கொடுத்தவர் வில்லன். அப்போ வில்லன் யாருங்க ஐயா?" அருகிலிருந்தோர் சிரித்தனர். கப்பலூர் வரும் வரையில் நம்மால் விடை சொல்ல இயலவில்லை. மயில் குளிரால் நடுங்குகிறதென்று போர்வையீந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து எண்ணும் மரபு நம்முடையது. அம்மரபில் வந்த ஒரு கதையில் பேகனின் நிலையில் நிற்பவர் தோற்கடிக்கப்படுகிறார். அவருடைய இரக்கத்தையே வலையாக விரித்து அவரைப் பிடிக்கிறார்கள். எந்திரன் எடுத்த இயக்குநருக்கு இது தெரியாததன்று. நாணமறியாத எந்திரத்தால் ஒரு பெண் இறந்ததை அன்று குற்றமாகக் காட்டியவர், இரக்கமறியாத எந்திரம் புறாவைப் பிணைவைத்ததை இன்று வெற்றியாகக் காட்டிவிட்டார். முடிவில் வசீகரன் வாயில் பறவைகளுக்கு ஆதரவாகச் சில சொற்கள் வருகின்றன. அவை போதா. பட்சிராஜன் எழுப்பிய வழக்குக்குப் படம் விடை தரவில்லை. வழக்குத் தொடுத்தவரை நீக்கியதோடு நின்றுவிட்டது.

வழக்கு எடுபடக்கூடியதா என்பதை இனிப் பார்க்கவேண்டும். இங்கே நாம் பட்சிராஜனின் பக்கமும் முழுதாக நிற்க இயலாது. படம் வெளியாகுமுன்னரே, 2018 நவம்பரில், கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது: கைப்பேசியையும் கோபுரத்தையும் பற்றி அறிவியலுக்கு மாறான அச்சத்தைப் படம் பரப்புகிறதென்பது முறையீடு. தம் வணிகம் காக்கவே அவர்கள் பேசினர் என்று ஒதுக்கிவிடலாம். வேடிக்கை என்னவெனில், படத்தைத் தயாரித்த லைகா குழுமமும் கைப்பேசித் தொழிலில் வளர்ந்ததே. ஆயினும் வாதத்தை வாதமாகவே பார்ப்பது முறை.

கைப்பேசிக் கோபுரம் உமிழ்வது வானொலி அலை. 900 மெகாஹெர்ட்ஸ் அளவில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 33 செண்டிமீட்டர். எக்ஸ் கதிரைப்போல உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இதற்கில்லை. மிக்க செறிவில் திசுக்களைச் சூடாக்குவதே இதன் அறியப்பட்ட விளைவு. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வலைகளைப் 'புற்றுநோய் விளைக்கக்கூடும்' என்ற ஐயப்பாட்டு வகையில் வைத்தது உண்மை. அதே வகையில், ஆசிய மரபில் ஊறவைத்துப் பதப்படுத்தும் காய்கறிகளும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பு பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் கோபுரங்களால் தீங்குண்டா என ஆராய 2010-இல் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அன்றைய இயக்குநர் அசத் ரஹ்மானி அதற்குத் தலைவர். குழு எச்சரிக்கையுடன் இருக்கச் சொன்னது.

பறவைக்கும் மின்காந்த அலைக்கும் உறவே இல்லையென்றும் கூறிவிட முடியாது. செருமனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார் ராபின் என்னும் சிறு வலசைப் பறவைகளை மரக் குடில்களில் வைத்து ஆராய்ந்தனர். நகரில் அவை திசை தெரியாமல் தடுமாறின. குடிலை அலுமினியத் தகட்டால் போர்த்தி நிலத்தோடு மின்னிணைப்புக் கொடுத்ததும் புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து சரியான திசையில் திரும்பின. 2014-இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு இது. மெய்சிலிர்க்க வைக்கும் ஆய்வே. ஆனால் அப்பறவைகளைக் குழப்பியவை, பழைய மத்தியலை வானொலியும் நம் வீட்டு மின்கருவிகளும் எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல். கைப்பேசியின் அலைகளோ அவற்றினும் பன்மடங்கு உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. படத்தில் வரும் பட்சிராஜன் இவ்வேறுபாட்டைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் இன்னும் வலிய அறிஞராய் நின்றிருப்பார். அதற்கு மாறாகப் படம் அவரை ஆவியாக்கி, உயிரொளி வட்டம் என்றும் எதிர்மறை ஆற்றல் என்றும் பேசத் தொடங்கிவிட்டது. அறிவியல் புனைகதை பேய்க்கதையாகித் திரும்பி வந்தது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு? ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். படம் வந்த சில நாள்களில், திருமங்கலத்தில் பல்லாண்டு தானியக் கடை நடத்திய சமுதாயப் பெரியவர் ஒருவரைத் தொழுகைக்குப் பின் சந்தித்தோம். "தம்பி, எங்க கடைக் குருவி எல்லாம் டவர் வந்த பிறகுதானே போச்சு? படத்துலயே சொல்லிட்டாங்களே" என்றார். அவர் பொய் சொல்பவரல்லர். குருவி போனதும் உண்மை, கோபுரம் வந்ததும் உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் வேறு எவையெல்லாம் போயின என்று இருவருமாக எண்ணிப் பார்த்தோம். கடையின் ஓட்டுக்கூரை போய்க் காங்கிரீட்டுத் தளம் வந்தது. கைமரத்திற்கும் ஓட்டிற்கும் இடையே குருவி கூடுகட்டிய சந்து போயிற்று. வாய்திறந்த சாக்குமூட்டைகள் போய்ப் பிளாஸ்டிக் பொட்டலங்கள் வந்தன; வாசலில் சிந்திய கம்பும் சோளமும் போயின. கடைக்குப் பின்புறம் இருந்த வேலிச்செடியும் அதிலிருந்த புழுபூச்சியும் போயின. குருவி தானியம் தின்னும். அதன் குஞ்சுக்கோ புழு வேண்டும். சுற்றிலும் பருத்திக்கு மருந்தடிக்கும் ஊரில் புழுவுக்கு எங்கே போகும்? பெரியவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். கோபுரத்தின் மேல் பழிபோட்டிருந்தபோது அவருக்கு இருந்த நிம்மதியை நாம் கெடுத்துவிட்டோமோ என்றும் தோன்றியது.

2020-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாகவே இருப்பதாகவும், சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் கூறியது. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்ற கருத்துக்கு இப்போதுள்ள சான்றுகள் துணை நில்லா என்றும் அது குறித்தது. அதே அறிக்கை பெருகிவரும் பறவையாக மயிலைக் காட்டுகிறது. நம் கரிசல் புஞ்சைகளில் இதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை. கோபுரத்தின் அடியிலேயே மயில் அகவுகிறது, உளுந்தையும் பருத்தி நாற்றையும் கொத்துகிறது என்று உழவர் முறையிடுவதை நாள்தோறும் கேட்கிறோம். பேகனிடம் நிலத்தைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று ஓர் உழவர் நம்மிடம் சொன்னார்.

உண்மையில் நம் நாட்டில் ஒரு பறவைப் பேரழிவு நடந்தது. பிணந்தின்னிக் கழுகுகளுள் சில இனங்கள் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. காரணம் கோபுரமுமன்று, ஆவியுமன்று: கால்நடைகளுக்கு வலி நீங்கப் போடும் டைக்ளோபினாக் என்னும் மருந்து. அம்மருந்து ஏற்றிய மாடு இறந்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாயிற்று. இதனை 2004-இல் கண்டறிந்தனர். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை நம் அரசு தடைசெய்தது. தமிழகத்தில் இன்று எஞ்சிய கழுகுகளை நீலகிரியின் மோயாற்றுப் பகுதியில் காணலாம். இக்கதையில் கொலைகாரன் எவனும் இல்லை. மாட்டின் வலிக்கு இரங்கிய கால்நடை மருத்துவரும், தம் மாட்டைக் காக்க நினைத்த உழவருமே இருக்கின்றனர். இதைப் படமாக்கினால் யார் பார்ப்பார் என்று கேட்கலாம். மணிமேகலையில் அமைச்சரைப் பழிவாங்கும் காட்சி ஒன்றும் இல்லை. இருந்தும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பறவையும் தொலைபேசியும் பகை என்பது படத்தின் அடிப்படை. நம் மொழியிலோ பறவைதான் தொலைபேசி. தூது இலக்கியத்திற்குரிய பொருள்களாகப் பத்தினை எண்ணுவர். அவற்றுள் அன்னம், மயில், கிளி, பூவை, குயில் என ஐந்து பறவைகள். சத்திமுற்றப் புலவர் வறுமையோடு மதுரைக்கு வந்து, குளிரில் ஒடுங்கிக் கிடந்தபோது, வானில் சென்ற செங்கால் நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லிவிட்டார் என்பது நாமறிந்த கதை. அப்பாட்டில் நாரை தென்குமரி சென்று வடக்கே மீளும் வலசைப் பறவையாகவே வருகிறது. புலவருக்குப் பறவையியலும் தெரிந்திருந்தது. திருக்குர்ஆனில் சுலைமான் நபி அவர்களுக்குச் சபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்ததும் ஹுத்ஹுத் என்னும் பறவையே. தமிழில் கொண்டலாத்தி என்பர். கொண்டையை விரித்துக்கொண்டு நம் தரிசு நிலங்களில் நடைபயிலும் அதனை மாணவர் பலர் பார்த்திருப்பர், பெயரறியாமல். கைப்பேசிகளே ஒன்றுகூடிப் பறவையாவதைத் திரையில் கண்டபோது இவையெல்லாம் நினைவுக்கு வந்தன. செய்தி சுமந்த பறவை, செய்திக் கருவியின் உருவில் திரும்பி வந்திருக்கிறது என்று இயக்குநர் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் போதும், அக்காட்சி காவியமாகியிருக்கும். அவ்வளவு அருகில் வந்து தவறவிட்டது வருத்தமே.

பறவைக்காக நிற்போர் திரைக்கு வெளியே உளர். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. மேலூருக்கருகே அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் குன்றுகளில் இராசாளி, வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தபோது, ஊர்கள் திரண்டன. சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் மதுரையை நோக்கி மக்கள் பேரணியாக வந்தனர். அம்மாத இறுதிக்குள் நடுவணரசு ஏலத்தைக் கைவிட்டது. அமைச்சரிடம் சொன்னார், மக்களிடம் மன்றாடினார், கேட்பாரில்லை என்று படம் காட்டிய அதே வழியில் சென்றுதான் இவர்கள் வென்றனர். பேரணிக்கு ஆள் திரட்டியதில் கைப்பேசிக்கும் பங்குண்டு. அதைப் பட்சிராஜனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

படத்தைப் பார்க்கலாமா என்று கேட்கும் மாணவருக்குப் பார்க்கலாம் என்றே சொல்கிறோம். முதலில் எந்திரனைப் பார்த்துவிட்டு, பின் இதனைப் பார்த்து, புறாக்கள் வரும் இடத்தில் பேருந்தில் அம்மாணவர் கேட்ட வினாவை நினைத்துக்கொள்ளட்டும்.

தானியக் கடைப் பெரியவரைப் பின்னர் ஒருமுறை கண்டோம். கடையை மகன் நடத்துகிறார். வாசல் வளைவில் பெரியவர் ஒரு மண்கலயத்தைக் கவிழ்த்துத் துளையிட்டு, உள்ளே வைக்கோல் அடைத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அடியில் ஒரு தட்டில் கம்பு. குருவி வந்ததா என்று கேட்டோம். வந்து பார்த்துவிட்டுப் போயிற்றாம். இப்போது குடியிருப்பது அணில்.